சுக்கான் பொருத்தியல்

வீட்டில் பாய்ப்படகு கட்டுவோரின் குணத்தைப் படகின் உடலை வைத்து அறிதல் அரிது. சுக்கானை வைத்து அறிதல் எளிது. உடலுக்கு வரைபடம் உண்டு, மாதக்கணக்கில் நிதானமும் உண்டு. சுக்கானோ கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் மாட்டப்படுவது. மறுநாள் காலை படகை இறக்குவதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

சான்றுக்கு இங்கிலாந்தின் மிரர் படகைக் கொள்க. ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து சொல்லித்தந்த பேரி பக்னெலும் வகுத்தது. 1963-இல் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் 63 பவுண்டு 11 ஷில்லிங்குக்கு விற்றது. ப்ளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, கண்ணாடியிழை நாடாவும் பிசினும் பூசினால் படகு. இதுவரை 70,000-க்கு மேல் கட்டிவிட்டார்கள். (சென்னைக் கரையின் மசூலாப் படகும் தையல் படகே, கயிற்றுத் தையல். அது துடுப்பால் திரும்புவது. ஆதலின் இவ்வியலுக்குப் புறம்பு.)

இனி உறுப்பிலக்கணம். சுக்கானில் இரு முளை, பின்பலகையில் இரு வளையம். முளை ஆண்பால், வளையம் பெண்பால் என்பது தச்சர் வழக்கு. பழைய வீட்டுக் கதவின் குடுமியும் குழியும்தான். ஆனால் அங்கே வாசற்படி ஆடாது. ஆகவே கீழ்முளை மேல்முளையைவிட ஒரு விரற்கடை நீண்டிருக்க வேண்டும். கீழதை முதலில் நுழைத்துவிட்டால் மேலது தானே வந்து அமரும். இரண்டையும் ஒரே நீளத்தில் வாங்கியவரைக் கரையிலிருந்தே அடையாளம் காணலாம்: கை தண்ணீரில், கால் ஆகாயத்தில்.

பொருத்துவோர் மூவகையர்: கண்ணை நம்புவோர், நாடாவை நம்புவோர், கம்பியை நம்புவோர். முதல் வகையாரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இரண்டாம் வகையார் பின்பலகையின் இரு மூலையிலிருந்தும் அளந்து நட்டநடுவில் பென்சில் கோடு இழுப்பர். கோட்டில் குற்றமில்லை, பலகை இடப்பக்கம் அரைக்கால் அங்குலம் பெருத்துவிட்டது. சுக்கான் பலகைக்கு நடுவில் நிற்கும், அடிமரத்துக்கு நேரே நிற்காது. மூன்றாம் வகையார் அடிமரத்திலிருந்து கோட்டை மேலே ஏற்றி, இரு வளையத்திலும் நேரான கம்பி ஒன்றைச் செருகி, அது பிடிக்காமல் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே துளைக்குக் குறி வைப்பர். இரு வளையமும் ஒரே அச்சில் நில்லாவிட்டால் சுக்கான் பாதி திரும்பிச் சண்டித்தனம் பண்ணும். எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய்க்கு அச்சு தெரியாது.

திருகாணியா, போல்ட்டா என்பது தீர்ந்த வழக்கு: போல்ட்டு, உள்ளே ஒரு மரக்கட்டை வைத்து. துளையின் ஓரத்தைப் பிசினால் அடைக்காவிட்டால் ப்ளைவுட் குடித்துக்கொண்டே இருக்கும்.

புறனடை: படகு கவிழ்ந்தால் மரச் சுக்கான் முளையோடு நழுவி மிதந்துவிடும். அது மேலெழாதபடி பின்பலகையில் சிறு வில்தகடு ஒன்றை முடுக்குவது மரபு. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்போர் நான்காம் வகையினர். இவ்வாசிரியன் அவ்வகையைச் சேர்ந்தவன். கவிழ்ந்த அன்று அவனுக்குக் கால்மணி முன்பே அவன் சுக்கான் கரை சேர்ந்திருந்தது.