மேல்மண் அகற்றும் முறை: நெய்வேலிப் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் ஒரு கையேடு

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு டன் பழுப்பு நிலக்கரி வேண்டுமென்றால் அதன் மேல் கிடக்கும் ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை முதலில் அள்ளிக் கொட்டியாக வேண்டும். 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து ஊரே பார்த்துப் பழகியது. பிள்ளைகளிடமிருந்து மதிப்பெண் எடுப்பதும் இதே வேலைதான். மதிப்பெண் அடியில் கிடக்கிறது. மேலே தூக்கம், பந்து, படம் வரைவது, பக்கத்து குவாட்டர்ஸ் பலாமரத்தில் ஏறுவது என்று ஏகப்பட்ட மேல்மண். ‘மாணவர் நலன்’, ‘ஆளுமை வளர்ச்சி’ என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் பதறாமல் கீழ்க்கண்டவாறு செய்க.

தூக்கத்தில் தொடங்குங்கள். இளகிய மண், சுலபமாக வரும். விடிவதற்குள் பிசிக்ஸ் டியூஷன் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நைட் ஷிப்ட் முடித்து டிபன் பாக்ஸும் கையுமாக அப்பா வருவார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மகன் கிளம்புவான். கேட்டருகே இருவரும் எதிரெதிரே நிற்கும் அரை நிமிடத்தை வீணாக்கக் கூடாது. “டெஸ்ட்ல எவ்ளோ?” என்று கேட்டுவிட வேண்டும். “இன்னும் பேப்பர் தரலப்பா” என்பான். நம்ப வேண்டாம். அன்றைய குடும்ப உரையாடல் இத்துடன் நிறைவு.

அடுத்தது விளையாட்டு. இந்த ஊரில் இது கொஞ்சம் கெட்டியான அடுக்கு. மற்ற ஊர்களில் மைதானமே இல்லை என்று தப்பித்துவிடலாம். இங்கே பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது, குவாட்டர்ஸ் வட்டங்களுக்குள் காலியிடம் இருக்கிறது, நிழல் விழும் அகலச் சாலைகள் இருக்கின்றன. டவுன்ஷிப்பை வரைந்த புண்ணியவான்கள் பிள்ளைகள் ஓடியாடுவார்கள் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள். கவலை வேண்டாம். பி.டி. பீரியடைக் கணக்கு சாருக்குக் கடனாகக் கொடுங்கள். வாங்கிய பீரியடை எந்தக் கணக்கு சாரும் திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. சும்மா இருக்கும் பி.டி. மாஸ்டரை, அசெம்பிளியில் பையன்களின் முடி நீளம் பார்க்க நிறுத்திக்கொள்ளலாம்.

பதினொன்றாம் வகுப்பை அப்படியே தூக்கி ஓரமாகக் கொட்டுங்கள். பிளஸ் டூ பாடத்தை அந்த வருடமே ஆரம்பித்துவிடலாம். இந்தத் திருட்டைத் தடுக்கத்தான் 2017–18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். களம் மறுபடி நம்முடையது. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. நிறுத்தட்டுமே, பிளெக்ஸ் அடிக்கிற கடையை யார் மூடினார்கள்?

மனநலத்துக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்றொரு பெட்டி உண்டு. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடலாம். அதைத் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே, அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். எந்தப் பிள்ளையும் எழுதாது. ‘குறைகள் ஏதுமில்லை’ என்று தைரியமாக மேலே அறிக்கை அனுப்பலாம். 14417 என்ற உதவி எண்ணைச் சுவரில் எழுதிவிட்டு, போன் வைத்திருப்பவனைக் கையும் களவுமாகப் பிடியுங்கள். அதற்கும் மேல் குறை இருந்தால் நம் ஊரிலேயே நடராஜர் கோயில் இருக்கிறது. அங்கேயும் மனு போடப் பெட்டி உண்டு, அடிக்க ஆராய்ச்சி மணியும் உண்டு. எனக்கென்னவோ, வரிசையில் நிற்கும் பிளஸ் டூ பிள்ளைகளைப் பார்த்தால், சாமியின் பெட்டியைத்தான் அதிகம் நம்புகிறார்கள் என்று தோன்றுகிறது.

பிள்ளைகளின் பயத்தைப் பற்றி வகுப்பில் பேசிவிடாதீர்கள். 2020-இல் மே மாதம் ஒரு முறை, ஜூலை முதல் தேதி மறுபடியும், நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கொரோனாவால் அப்போது பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அதனால் மறுநாள் வகுப்பில் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்ற சங்கடம் நமக்கு வரவில்லை.

இனி முக்கியமான கருவி: அப்பாவின் ரிட்டயர்மென்ட் தேதி. வெளியூர்க்காரர்களுக்கு இதன் சக்தி தெரியாது. இங்கே அறுபது வயதானால் வேலை மட்டும் போகாது, குவாட்டர்ஸும் போகும். பிள்ளை பிறந்த வீடு, அம்மா வைத்த முருங்கை, பின்பக்கத்துப் பலா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யோ ஐ.டி.ஐ.யோ படித்து சுரங்க நிறுவனத்துக்குள் போனவர்களின் பிள்ளைகள், அதே இடத்தில் இன்ஜினியராக நுழைய கேட் தேர்வு எழுதி நாடு முழுவதோடும் மோத வேண்டும், இல்லையென்றால் கான்ட்ராக்ட். இந்தக் கவலை முழுக்க முழுக்கப் பெரியவர்களுடையது, நியாயமானதும்கூட. அதை அப்படியே பதினாறு வயதுப் பிள்ளையின் முதுகில் இறக்கிவையுங்கள். “எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ்தான்டா” என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னால் போதும். எந்த ஆற்றுப்படுத்துநர் வந்தாலும் அந்த ஒரு வரியை வெளியே எடுக்க முடியாது.

சமூக அக்கறையும் வளர்க்க வேண்டுமே! மரக்கன்று நடும் விழா நடத்தி, போட்டோ எடுத்து, மாணவர்களைக் கலைத்துவிடுங்கள். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே மட்டும் கூட்டிப் போகாதீர்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டக் கதிர் விடும் நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கின. அந்த வயல்காரர்களின் பிள்ளைகளும் இதே மாவட்டத்தில் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். “நம்ம வீட்டு லைட்டுக்காகவா சார்?” என்று யாராவது கேட்டுவைத்தால் பாடம் முடியாது.

கடைசியாகப் புத்தகக் கண்காட்சி. 1998-இலிருந்து நடக்கிறது, தவிர்க்க முடியாது. வரிசையாகக் கூட்டிப் போய் வரிசையாகக் கூட்டி வாருங்கள். ஏதாவது ஒரு பெண் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்து நின்றபடியே நாலாவது பக்கம் தாண்டிவிட்டால் உடனே தலையிட்டு, கைடு விற்கும் ஸ்டாலுக்கு நகர்த்துங்கள். அழுதால் டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுங்கள். ஒரே ஒரு அப்பளம். நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்.