வேட்டிக்குச் சாவு கிடையாது

எங்கள் குடும்பத்தில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், மாடுகள் செத்திருக்கின்றன, அம்பாசடர் கார் வைத்திருந்த ஒரு சித்தப்பாவின் கௌரவம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் செத்தது. வேட்டி மட்டும் செத்ததே இல்லை.

தாத்தாவின் எட்டு முழ வேட்டி உட்காரும் இடத்தில் நைந்துபோனால் அப்பாயி அதைக் கையில் எடுக்கும். (தஞ்சாவூர்ப் பக்கம் அப்பாவின் அம்மா எங்களுக்கு அப்பாயி. ‘அப்பாயி சொல்லும்’, ‘அப்பாயி அடிக்கும்’ என்றுதான் பேசுவோம். மரியாதைக் குறைவு இல்லை. அடிக்கிற கைக்கு நாங்கள் கொடுத்த உரிமை.) நைந்த பகுதியை நடுவிலிருந்து எடுத்துவிட்டு இரண்டாகக் கிழிக்கும். கிடைக்கிற இரண்டு துண்டும் கணக்குப்படி நாலு முழம் இருக்காது, மூன்றரைதான் தேறும். அதைக் கட்டிக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் எதிராளி முன்னால் காலை மடக்கி உட்கார முடியாமல் தவித்ததை ஊர் அடக்கம் என்று நினைத்துக்கொண்டது.

அதுவும் கிழிந்தால் துண்டு. துண்டு கிழிந்தால் இட்லித் துணி. தாத்தா எங்கெங்கே உட்கார்ந்து எழுந்த வேட்டி என்பதை இட்லி தின்னும்போது யோசிக்கக் கூடாது. வெந்நீரில் கொதிக்கப்போட்டு எடுத்துத்தான் தட்டில் விரிக்கும். நடுவில் ஒரு கோடைக்காலம் கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்துக் கூழ் வடகம் ஊற்றும். காய்ந்த வடகம் துணியைவிட்டு வராது. திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பச்சைப்பயறு முளைகட்ட, கஷாயம் வடிகட்ட, வெல்லப் பாகு வடிகட்ட என்று அடுக்களையில் பணி முடித்து, கடைசியில் கரித்துணியாகி அடுப்பிலிருந்து சட்டி இறக்கும். இதற்கிடையே வேறொரு கிளை தூளியாகி எங்களை ஆட்டியது, துணிப்பந்தாகிப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தது, பட்டத்துக்கு வாலாகிப் பறந்தது, எலி வளைக்கு அடைப்பானது. எஞ்சிய இழை விளக்குத் திரி. ‘எரிந்துபோனால் கதை முடிந்ததுதானே’ என்று கேட்பீர்கள். சாம்பலைத் தொட்டு அப்பாயி சிம்னி துடைக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் கம்பெனி எங்களையெல்லாம் ஒருநாள் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு அழைத்துப்போய்க் கிரியேட்டிவிட்டி ஏற்றியது. குளிர்பதன அறை, வட்ட மேசை, மேசைக்கு ஒரு கிண்ணம் மிட்டாய், கலர் கலராக ஒட்டுத்தாள். பயிற்சியாளர் காதில் மைக் மாட்டிக்கொண்டு, ஒரு செங்கல்லின் படத்தைத் திரையில் காட்டி, “இதை என்னவெல்லாம் செய்யலாம்? மூன்று நிமிஷம்!” என்றார்.

இந்தச் செங்கல் சாதாரணச் செங்கல் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜே.பி. கில்ஃபோர்ட் சுட்ட செங்கல். 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையில், தம் துறையின் 23 ஆண்டுக் கட்டுரைத் தலைப்புகள் சுமார் 1,21,000ஐப் புரட்டியதில் படைப்பாற்றலைப் பற்றி வெறும் 186தான் தேறின என்று வருத்தப்பட்டார். சும்மா வருத்தப்பட்டு விட்டுவிடவில்லை. அதை அளக்க வழிகளும் தேடினார். அவற்றில் பிரபலமானது இதுதான்: தினமும் பார்க்கிற ஒரு சாமானைக் கொடுத்து, அதற்கு எத்தனை உபயோகம் என்று கேட்பது. எத்தனை சொன்னீர்கள், எத்தனை வகையாகச் சொன்னீர்கள், யாரும் சொல்லாததைச் சொன்னீர்களா, எவ்வளவு நுணுக்கமாக விவரித்தீர்கள் என்று நான்கு தலைப்பில் மதிப்பெண்.

எங்கள் மேசையில் வந்த விடைகள்: வீடு கட்டலாம். மதில் கட்டலாம். இன்னொரு மதில் கட்டலாம். ஒருவர் மேலாளரின் தலையைப் பார்த்தபடியே, “வேற மாதிரியும் யூஸ் பண்ணலாம்” என்றார். நான் சொன்னேன்: “ரேஷன் கடை வரிசையில் நமக்குப் பதிலாக நிற்கவைக்கலாம்.” பயிற்சியாளருக்குப் புரியவில்லை. விடிகாலையில் கடை வாசலில் செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், அந்தச் செங்கல்தான் அன்றைக்கு நாம், அதைத் தாண்டி எவனும் போக மாட்டான், போனால் ‘இது கோமதியக்கா கல்லு’ என்று ஊரே சண்டைக்கு வரும் என்று விளக்கினேன். மனிதனாகவே இருக்கக்கூடிய செங்கல்! அவர் கேட்டுவிட்டு, “நைஸ், பட் லெட்ஸ் ஃபோகஸ்” என்றார். மதிப்பெண் தரவில்லை.

கில்ஃபோர்டின் நான்கு தலைப்பிலும் அப்பாயியை உட்காரவைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையிலும் வகையிலும் கேள்வியே இல்லை. யாரும் செய்யாததைச் செய்தாயா என்ற மூன்றாவது தலைப்புக்கு என்னிடம் ஓர் அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. தாத்தா கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. 1972இல் கட்சி உடைந்தபோது சித்தப்பா நடுவில் வெள்ளை வைத்த கரைக்குப் போய்விட்டார். ஒரே வீட்டில் இரண்டு கரை; சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பொதுக்கூட்டம். வேட்டி நைந்தாலும் கரை நையாது, அது கெட்டி நெசவு. அப்பாயி இரண்டு பேருடைய கரையையும் தனித்தனியாகக் கிழித்து, ஒன்றாகச் சேர்த்து முறுக்கித் திரித்து, கன்றுக்குட்டி கட்டக் கயிறு செய்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு கரையும் கூட்டணி கண்ட ஒரே இடம் எங்கள் மாட்டுக் கொட்டகைதான் என்று நினைக்கிறேன். கன்று கட்சி பேதமில்லாமல் இரண்டையும் சேர்த்து மென்றது.

ஹோட்டலுக்கே திரும்புவோம், இன்னும் மத்தியானச் சாப்பாடு வரவில்லை. அடுத்து, திரையில் மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள் வந்தன. கையை எடுக்காமல் நான்கே நேர்க்கோட்டில் ஒன்பதையும் இணைக்க வேண்டும். பழைய புதிர்தான், 1914இல் வந்த சாம் லாய்டின் புதிர்க் களஞ்சியத்திலேயே முட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். புள்ளிகள் நம் கண்ணுக்கு ஒரு பெட்டியாகத் தெரிகிறதாம், அந்தப் பெட்டிக்கு வெளியே கோட்டை இழுக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லையாம், இழுத்தால் விடை வந்துவிடுமாம். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் இந்த ஒன்பது புள்ளியை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

அறையில் இருபது பேர் புள்ளியை முறைத்துக்கொண்டிருந்தோம். டீ கொண்டுவந்த அக்கா தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏன் சார், மூணுக்கு மூணு புள்ளிதானே? வெச்சிட்டு எல்லாரும் ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?” என்றார். என் தாளை இழுத்து, பேனாவை வாங்கி, ஒரு சிக்குக் கோலம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடவே தொடாது. சுற்றி வளைத்து, ஓரத்துப் புள்ளிக்கு வெளியே போய்த்தான் திரும்பும். வெளியே போகாவிட்டால் அது கோலமே இல்லை. பெட்டியை விட்டு வெளியேற எங்களுக்கு ஒருநாள் பயிற்சியும் பஃபே சாப்பாடும் தேவைப்பட்டது. அக்கா விடிகாலையில் வாசல் தெளிக்கும்போதே வெளியேறிவிடுகிறார்.

இந்தக் கோடுகள் லேசுப்பட்டவை அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து 1974இல் கோலத்துக்குக் கணினி மொழியியல் வழியில் இலக்கணம் எழுதி ஒரு பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு சிறு கோலம் எந்த விதிப்படி வளர்ந்து பெரிய கோலமாகிறது என்பதுதான் அதன் சாரம். வாசலில் குனிந்திருப்பவருக்கு அந்த விதி தெரியும், விதி என்று தெரியாது. பால்காரர் சைக்கிள் ஏறிப் போன பிறகும், மறுநாள் வேறு கோலம்.

ஆனால் ஒன்று. இல்லாமையால் வந்த கெட்டிக்காரத்தனத்தை உட்கார்ந்து புகழ்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அப்பாயிக்கு நாலு புது இட்லித் துணி வாங்கக் காசு இருந்திருந்தால் தாத்தா வேட்டியைத் தொட்டிருக்காது. சிக்கனம் வேறு, நான் சொல்ல வருவது வேறு. தலையணை உறையில் ஓட்டை விழுந்தால் நாலு தையலில் அடைத்துவிடலாம். அப்பாயி அந்த ஓட்டையைக் கிளியாக்கும். கிளிக்கு மூக்கு வேண்டுமே என்று அத்தையின் பாவாடைக் கொசுவத்திலிருந்து ஒரு சிவப்பு நூலை அவருக்குத் தெரியாமல் உருவும். ஓட்டையை அடைக்கக் கிளி தேவையே இல்லை, மூக்கு நிச்சயமாக இல்லை. தைத்து முடித்துக் கையை நீட்டித் தூரப் பிடித்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, “ம்” என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தத் தேவையில்லாத மூக்கில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியும் உண்டு: கிளி தைத்த மறுநாள் எங்களில் யாரும் அடி வாங்கியதில்லை. பேரப்பிள்ளைகள் நாங்கள் திட்டமிட்டே உறைகளில் ஓட்டை போட்டிருக்கிறோம்.

எங்கள் கண்டுபிடிப்பை நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் பிற்பாடு முறைப்படி செய்தார்கள். 658 இளைஞர்களை 13 நாள் தினமும் குறிப்பெழுதச் சொன்னார்கள். இன்றைக்கு ஏதாவது புதிதாகச் செய்தீர்களா, மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. வழக்கத்தைவிட அதிகமாகப் பின்னல், சமையல், படம், பாட்டு என்று எதையாவது செய்த நாளுக்கு மறுநாள் உற்சாகமும் மலர்ச்சியும் கூடியிருந்தன. இன்று உற்சாகமாக இருந்ததால் நாளை படைப்பார்கள் என்ற எதிர்த்திசை மட்டும் தேறவில்லை. மனசு நன்றாக இருக்கும்போது தைக்கலாம் என்று காத்திருந்தால் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் டப்பாவில் வருகிறது. ஊரடங்கு காலத்தில் எங்கள் அடுக்ககத்தில் ரெசின், மண்டலா, பாட்டில் ஆர்ட் என்று ஓர் அலை அடித்தது. பாட்டில் ஆர்ட்டுக்குப் பாட்டில் வேண்டுமே என்பதற்காகவே வீட்டுக்காரர்கள் சிலர் இரவிரவாகத் தியாகம் செய்தார்கள். என் மனைவியும் ஒரு பெட்டி தருவித்தாள். எந்தக் கட்டத்தில் எந்த எண், எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று அச்சிட்டே வந்தது. இரண்டு மயில் முடித்தாள். மூன்றாவது மயிலுக்கு 14ஆம் எண் பாட்டிலில் கத்தரிப்பூ நிறம் தீர்ந்துபோனது. கடுப்பில் பக்கத்திலிருந்த ஆரஞ்சை அடித்துவிட்டாள். மூன்றில் அதுதான் இன்றைக்கும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், “இது நீங்களே போட்டதா?” என்று அதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

எனக்கு ஊசி பிடிக்க வராது. கோலப்பொடியை என்னிடம் கொடுக்க மனைவிக்குத் துணிவில்லை. மிச்சமிருந்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த தேமா புளிமா. ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து வெண்பா கட்டத் தொடங்கினேன். நிலா, மழை, தாய்மொழி எல்லாம் பெரியவர்களுக்கு. மோரில் தண்ணீர் அதிகம் என்று புகார் சொல்லவே பாடிய காளமேகம்தான் நமக்குச் சரி. ஆகவே மளிகைச் சீட்டு. தளை தட்டாமல் இரண்டடி கட்டுவதற்குள் சோழிங்கநல்லூர் வந்துவிடும். செல்போனில் முறைப்பதற்கு மேலாளர் அனுப்பியது எதுவும் அதுவரை கண்ணில் படாது. அதற்காகவே எழுதலாம்.

முதல் சீட்டு இப்படிப் போயிற்று:

துவரம் பருப்பிரண்டு தேங்காய் புளிகால்
தவணை யிலேனும் கொடு.

கடை அண்ணாச்சி வாங்கி, கண்ணாடியை ஏற்றி, உதட்டை அசைத்து இரண்டு தரம் படித்தார். கல்லாவுக்கு முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். “தொவரம் பருப்பு ரெண்டுன்னா ரெண்டு கிலோவா சார், ரெண்டு பருப்பா?” என்றார்.

கிலோவுக்கு அந்த அடியில் இடமில்லை, போட்டால் தளை தட்டும் என்று விளக்கினேன்.

“புளி கால் கிலோ. சரி. தேங்கா எத்தன?”

“ஒன்று.”

“அதையும் எளுதல.” காத்திருந்தவர்களில் ஒருவர், “சார் ஃபோன்லயே சொல்லிருக்கலாம்” என்றார். அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

சாமான் வந்தது. பையன் கொண்டுவந்த பில்லில், மொத்தத் தொகைக்குக் கீழே, கணக்கு எழுதுகிற அதே நீல மசியில் இரண்டு வரி இருந்தது:

பழைய கடனைத்தான் தீர்த்தால் புதிதாய்
வழங்கத் தடையில்லை வா.

அலகிட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூடத் தளை தட்டவில்லை. சாயங்காலம் பாக்கியைக் கொடுக்கப் போனபோது கேட்டேன். “எங்க ஊருல தமிளய்யா பெரம்ப வெச்சிக்கிட்டுல்லா சொல்லிக் குடுத்தாரு. கடைக்கி வந்தப்பொறம் கணக்குதான் எளுதுனேன், இப்பத்தான் கை வருது” என்றவர் பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டார். பிறகு கொஞ்சம் சங்கடப்பட்டு, “வா-ன்னு எளுதிட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீய. வாங்கன்னு போட்டா ஈத்தடி கெட்டுருமே சார்” என்றார்.