ஏ செக்‌ஷன் வாத்தியார்

பரீட்சை முடிவு வந்த மறுநாள் ஆண்டிமடம் கடைவீதியில் ரிட்டயர்டு தலைமையாசிரியரைத் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. பேப்பர் அவர் கையில்தான் இருக்கும். அரியலூர் மாவட்டத்தில் எந்தப் பையன் முதல் மார்க் எடுத்திருந்தாலும், அவன் அப்பனுக்கு, அப்பன் தவறினால் தாய்மாமனுக்கு, இவர் பாடம் நடத்தியிருப்பார். "விதை யாரு போட்டது?" என்று கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

உருப்பட்டவர்கள் எல்லாரும் அவருடைய ஏ செக்‌ஷன். நெய்வேலியில் எஞ்சினீயரா? ஏ செக்‌ஷன். துபாயில் சம்பாதித்து மாடி வீடு கட்டியவனா? ஏ செக்‌ஷன், பூகோளம் யார் நடத்தியது? சீட்டுப் பணத்தோடு ஓடியவன் பி செக்‌ஷன். சாராய வழக்கில் சிக்கியவன் பி செக்‌ஷன். அவர் பேச்சைக் கேட்டால் அந்த பி செக்‌ஷனைத் திருச்சி மத்திய சிறைக்கு ஆள் எடுக்கவே நடத்தினார்களோ என்று தோன்றும். அதன் வகுப்பாசிரியர் காலமாகிப் பல வருஷமாகிறது. மறுத்துப் பேச ஆளில்லை.

டீக்கடைக்காரர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "சார், நானும் ஏ செக்‌ஷன்தானே?"

"ஆமாண்டா. பத்தாவதுல கோட்டு அடிச்சியே, அதோட உன்னைய பி-க்கு மாத்திட்டேன்."

அவரிடம் டீக்குக் காசு வாங்காத கடை அது.

தஞ்சாவூரில் டாக்டராக இருக்கும் ஒருவரை ஏழாம் வகுப்பில் புளிய விளாறால் ஒரு வாங்கு வாங்கினாராம். "அந்த ஒரு அடிதான் அவனை டாக்டராக்குச்சு." அதே நாள், அதே விளாறில், அதைவிட அதிகமாக வாங்கியவன் நான். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். "உனக்கு அடி பத்தல தம்பி" என்றார்.

கங்கைகொண்ட சோழபுரம் கிட்டத்தில் இருப்பது ஊருக்குப் பெருமை, அவருக்கு ஏக்கம். ராஜேந்திர சோழன் தன் 19-ஆம் ஆட்சியாண்டில், சைவ ஆசாரியர் சர்வசிவ பண்டிதருக்கும் அவர் சீடர்களுக்கும் சீடர்களின் சீடர்களுக்கும் ஆண்டுக்கு 2,000 கலம் நெல் கொடுக்கச் சொன்னதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். "ஆயிரம் வருஷமா வாத்தியார் பேரு நிக்குது. நமக்கு?" என்பார். அந்தச் சீடர்கள் ஆரிய, மத்திய, கௌட தேசத்துக்காரர்களாக இருக்க வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்வதை மட்டும் சொல்லமாட்டார். உள்ளூர்ப் பையன்களுக்கு ஒரு மரக்கால்கூடக் கிடையாது.

இங்கே எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. முந்திரிக்கொட்டை உடைக்கிற வீடுகளிலிருந்து, தோட்டு எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பாதியில் நின்றுபோனார்கள். அவர் கணக்கில் அவர்கள் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பேரைச் சிவப்பு மையால் அடித்தது இவர் கைதான். ஏன் வரவில்லை என்று ஒரு வீட்டுக்காவது போய்க் கேட்டிருக்கலாம்.

அந்த மனுஷன்தான் இன்றைக்கு இ-சேவை மைய வாசலில் நிற்கிறார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று கையைப் பிசைந்துகொண்டு வரும் தாய்மார்களுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். ஓடிபி வருகிற வரைக்கும் கூடவே நிற்கிறார். ஜெராக்ஸ் செலவு பாதி நாள் அவருடையது. இதைப்பற்றி டீக்கடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லிக்கொள்ளத் தக்க விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

2022-இல் அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் கொண்டுவந்ததிலிருந்து பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போடுகிறார். வகுப்பறைக்குக் கூரை மாற்றவேண்டும். எஸ்டிமேட் இன்னும் போடவில்லை. கல்வெட்டு வாசகம் தயார். உங்களுக்கும் போன் வரலாம். நீங்கள் எந்த ஊரில் படித்தவராக இருந்தாலும் வாக்குவாதம் செய்யாமல் கொடுத்துவிடுங்கள். கூரை நிஜமாகவே ஒழுகுகிறது.