எல்லோரும் தனித்துத் தெரிவது எப்படி?
மனிதவளத் துறைக்கு ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்:
மனிதவளத் துறை (ஆளெடுப்புப் பிரிவு),
கண்ணாடிக் கட்டடங்கள் அனைத்தும்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: வேலை தேடுவோர் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிய வேண்டும் என்ற அறிவுரை – நடைமுறையில் கண்ட விளைவுகள் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: துறையின் ஆளெடுப்பு விளம்பரங்கள், குறிப்பாக ‘தேர்வானவர்களுக்கு மட்டுமே பதில் அனுப்பப்படும்’ என்னும் கடைசி வரி.

வேலை தேடுவோர் தனித்துத் தெரிதல் என்பது, ஒரே பணியிடத்துக்கு மனுப்போட்ட பலருள் ஒருவர், தாம் மற்றவரைப் போன்றவர் அல்லர் என்று தேர்வாளரை நம்பவைக்கும் கலை. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளே 400-க்கு மேல் இருக்கும் தமிழ்நாட்டில், இக்கலைக்குப் பயிற்றுநர்களும் கையேடுகளும் கட்டண வகுப்புகளும் பெருகியுள்ளன. கலைக்கு இலக்கணம் வகுத்தது மனிதவளத் துறை. ‘கூட்டத்தில் ஒருவராக இருக்காதீர்கள்’ என்பது அதன் முதல் சூத்திரம். அச்சூத்திரத்தைக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பின்பற்றியதால் நேர்ந்தவை, ஆளெடுப்பின் படிகள் வரிசையில், துறையின் பார்வைக்குக் கீழே வைக்கப்படுகின்றன.

முதற்படி தகுதி வரம்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது. படிப்பில் இடைவெளி கூடாது. கல்லூரி வளாகத் தேர்வுகளில் பரவலாகக் காணப்படும் இவ்வரம்பின் சிறப்பு, வேறுபட்டவர்களை முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவது. பதினைந்து வயதில் மஞ்சள் காமாலையோடு கணக்குத் தேர்வு எழுதியவர் இங்கே கழிகிறார். தந்தை படுத்த படுக்கையான ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டு மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டவரும் கழிகிறார். கடன் சொல்லிப் போன வாடிக்கையாளரையும் கடன் தர மறுத்த மொத்த வியாபாரியையும் ஓராண்டு சமாளித்த அவருடைய அனுபவம், படிவத்தில் ‘இடைவெளி’ என்று பதிவாகிறது. அதே துறை, மூன்றாண்டு கழித்து, வாடிக்கையாளரைச் சமாளிக்கும் திறனை ஊழியர்களுக்குக் கற்றுத்தர வெளியிலிருந்து பயிற்றுநரை அழைத்து வருகிறது.

இவ்வரம்புக்குத் தனிச்சோதனை ஒன்றும் வந்திருக்கிறது. கொரோனா காரணமாகத் தமிழ்நாட்டில் 2020–21 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. அனைவரும் தேர்ச்சி பெற்றனர். சான்றிதழில் ‘தேர்ச்சி’ என்ற சொல் இருந்ததே தவிர மதிப்பெண் இல்லை. அவர்களில் நேரே பொறியியல் சேர்ந்தோர் 2027இல் பட்டம் பெறுகின்றனர். பத்தாம் வகுப்பு விழுக்காட்டை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று பிடிவாதம் பிடிக்கும் படிவத்தின் முன்னால், ஒரு மாநிலத்தின் ஓராண்டு மாணவர்கள் மொத்தமாக உட்காருகிறார்கள். அந்தக் கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவது என்பது துறை விளக்க வேண்டியவற்றுள் முதலாவது.

இரண்டாம் படி ரெஸ்யூம். இதன் தலையில் ‘குறிக்கோள்’ என்றொரு பத்தி இருக்கும். புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பொறுப்பை ஏற்று, தம் திறமையை வளர்த்து, நிறுவனத்தையும் வளர்ப்பதே விண்ணப்பதாரரின் குறிக்கோள் என்று அது சொல்லும். இந்தப் பத்தி சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பென்டிரைவ் வழியாக வந்த பரம்பரைச் சொத்து. பெயரும் மின்னஞ்சலும் மாறும், பத்தி மாறாது. பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது, புத்தகம் படிப்பது, கிரிக்கெட். பலம்: கடின உழைப்பு, குழுவாகப் பணியாற்றுதல். அடியில், மேற்சொன்னவை யாவும் தம் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற உறுதிமொழி. சில நேரங்களில் அதன் கீழே சீனியரின் பெயரே அழியாமல் நிற்பதுண்டு. ஆயிரம் பேர் ஒரே பத்தியை அனுப்பும்போது அந்த ஒருவர்தான் உண்மையில் தனித்துத் தெரிகிறார்.

மூன்றாம் படி, ரெஸ்யூமை வடிகட்டும் மென்பொருள். விளம்பரத்தில் உள்ள சொற்கள் ரெஸ்யூமில் இருக்கின்றனவா என்று அது தேடும். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்தாலும், படமும் அட்டவணையும் வைத்தாலும் படிக்கத் தடுமாறக்கூடும். ஆகவே பயிற்றுநர்கள் விண்ணப்பதாரருக்குச் சொல்வது ஒன்றே: விளம்பரத்தின் சொற்களை அப்படியே ரெஸ்யூமில் ஏற்று. துறை தன் விளம்பரத்தை ஊருக்கெல்லாம் அனுப்பி, அதையே ஆயிரம் பிரதிகளாகத் திரும்பப் பெறுகிறது. இப்போது ரெஸ்யூமை எழுதுவதும் செயற்கை நுண்ணறிவு, படிப்பதும் செயற்கை நுண்ணறிவு என்றாகிவிட்டதால், இரண்டும் ஒன்றையொன்று மெச்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் விண்ணப்பதாரர் சற்றுத் தூங்கி எழலாம்.

இயந்திரம் பாரபட்சம் அறியாது என்ற நம்பிக்கைக்கும் பதில் கிடைத்திருக்கிறது. அமேசான் நிறுவனம் ஆளெடுப்புக்காக உருவாக்கிப் பார்த்த ஒரு மென்பொருளைக் கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. பத்தாண்டுகளாக வந்த ரெஸ்யூம்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளித்திருந்தார்கள். அவற்றை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மகளிர் மன்றம், மகளிர் கல்லூரி போன்ற குறிப்புகளைக் கண்டதும் அது மதிப்பைக் குறைத்தது. பழைய ஆட்களைப் பார்த்துப் புதிய ஆளைத் தேடக் கற்றது, பழைய ஆளையே தேடியது.

மனிதக் கண் இயந்திரத்தைவிட மேலானது என்று சொல்லவும் வழியில்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதிகள் கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் தனித்துத் தெரிந்தவர்கள் இவர்களே. பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டாத தமிழ்நாட்டில் ‘சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?’ என்னும் கேள்விகள் அந்தக் குறையைப் போக்குகின்றன.

நான்காம் படி சான்றிதழ்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், படிப்பு எவ்வாறு வேலைச் சந்தையில் ஓர் அடையாளமாக மட்டுமே கூட வேலை செய்ய முடியும் என்று விளக்கினார். 2001இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவர் ஒருவர். அவர் கருத்தின் சாரம் எளியது. திறமை உள்ளவருக்கு ஓர் அடையாளத்தைப் பெறுவது எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருந்தால்தான் அது இருவரையும் பிரித்துக் காட்டும். எல்லோருக்கும் ஒரே அளவு எளிதாகிவிட்டால் அது எதையும் காட்டாது. வார இறுதியில் காணொளியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பெறும் சான்றிதழ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒருவரிடம் மூன்று இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஐந்து பெறுகிறார். அவரைப் பார்த்து முதலாமவர் எட்டுப் பெறுகிறார். வரிசையில் அவரவர் இடம் மாறவில்லை. சான்றிதழ் வழங்குவோர் மட்டும் முன்னேறியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி குழு விவாதம். பல கல்லூரி மாணவர்களை ஒரே கல்லூரியில் கூட்டி நடத்தும் தேர்வில், வெளிர்நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, விடுதி நண்பரிடம் கடன் வாங்கிய ஷூ என ஒரே உடையில் பத்துப் பேர் வட்டமாக அமர்வார்கள். அவரவர் தனித்தன்மையை வெளிப்படுத்துமாறு அங்கே கேட்டுக்கொள்ளப்படும். முதலில் பேச்சைத் தொடங்குபவருக்கு மதிப்பெண் உண்டு என்று பயிற்சி வகுப்பில் பத்துப் பேருக்கும் சொல்லியிருப்பதால் பத்துப் பேரும் ஒரே நொடியில் தொடங்குவார்கள். முடித்துவைப்பவருக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் ஒருவரும் மற்றவரை முடிக்க விடமாட்டார். குழுவாகப் பணியாற்றும் திறன் இவ்வாறு அளக்கப்படுகிறது.

ஆறாம் படி, மேற்கண்ட ஐந்தையும் தாண்டிச் செல்லும் குறுக்குவழி. முன்பு இதற்குச் சிபாரிசு என்று பெயர். மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் கடிதம் கொடுப்பார், வாங்கிப் போகிறவர் வெளியே சொல்லக் கூசுவார். இன்று இது ரெஃபரல். கூச்சம் நீங்கியதோடு, ஆள் சேர்ந்தால் பரிந்துரைத்த ஊழியருக்கு ஊக்கத்தொகையும் பல நிறுவனங்களில் கிடைக்கிறது. ஊழியர்கள் தம் வகுப்புத் தோழரையும் அறைத் தோழரையும் பரிந்துரைப்பது இயல்பே. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஒருவருக்கு அந்தக் கட்டடத்தில் தெரிந்த முகம் வாயிற்காவலர் மட்டுமே. காவலரின் பரிந்துரையை ஏற்கும் கட்டம் இணையதளத்தில் இல்லை.

ஏழாம் படி நேர்காணல். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கி, ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று நகரும். எடுத்த வேலையில் சிறு குறை இருந்தாலும் தூக்கம் வராது என்பதே தமிழ்நாட்டு விண்ணப்பதாரர் அனைவருக்கும் உள்ள ஒரே பலவீனம். இறுதியில் வருவது, ‘இத்தனை பேர் இருக்க, உங்களை ஏன் எடுக்க வேண்டும்?’ மதிப்பெண், அரியர், இடைவெளி, சொற்கள், உடை என ஐந்து சல்லடைகளில் வேறுபாட்டைச் சலித்து எறிந்துவிட்டு, எஞ்சியவரிடம் வேறுபாட்டைக் கேட்கும் கேள்வி இது.

ஆளைத் தேர்வது பற்றி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். செய்யப்போகும் வேலையின் ஒரு பகுதியைச் செய்யச்சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பிடுவதும் பின்னாளைய செயல்திறனை நன்றாகக் கணித்தன. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணல் அவற்றுக்குப் பின்தங்கியது. எத்தனை ஆண்டு படித்தார், எத்தனை ஆண்டு அனுபவம் என்பவை மிகக் குறைவாகவே கணித்தன. பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் அக்கணக்குகளைத் திருத்தியபோது, கேள்விகளை முன்பே வகுத்துக்கொண்ட நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. ‘புதியவர்கள் தேவை, இரண்டாண்டு அனுபவம் கட்டாயம்’ என்ற விளம்பரம் இந்த ஆய்வுகளுக்கு முன்பும் வந்தது, பின்பும் வருகிறது.

எட்டாம் படி தேர்வுக்குப் பிந்தையது. தனித்துத் தெரிந்து வென்றவருக்கும் பக்கத்து இருக்கையில் தெரியாமலே வென்றவருக்கும் ஊதியம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய். பெரிய மென்பொருள் நிறுவனங்களின் தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கு மேலாக இதை ஒட்டியே நிற்கிறது. தேங்காய் விலை அப்படி நிற்கவில்லை. 2022இல் பணி ஆணை பெற்றோரில் ஒரு பகுதியினர் சேரும் நாளுக்காக இரண்டாண்டு வரை காத்திருந்தனர். ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பீர்கள் என்று நேர்காணலில் கேட்டபோது ‘சேரும் தேதிக்குக் காத்திருப்பேன்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே தொலைநோக்காளர். சேர்ந்தபின் விலக 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. அவையே தம் விளம்பரத்தில் உடனடியாகச் சேர்வோருக்கு முன்னுரிமை தருகின்றன.

தகுதியுள்ள பலருள் சிலரைத் தேரும் இச்சிக்கலைத் தமிழ்நாட்டில் முன்பு ஓர் ஊர்ச் சபை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் விதிகளைச் சொல்கிறது. வயது 35 முதல் 70 வரை, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. கணக்கு நிலுவை பற்றிய இவ்விதி இன்றைய அரியர் விதிக்கு மூதாதை. ஊரில் பெரும்பாலோரை இவ்வரம்பு வெளியே நிறுத்தியது என்பதில் ஐயமில்லை. அவ்வகையில் அது துறைக்கு அந்நியமானதன்று. ஆனால் வரம்பைத் தாண்டியவர்களிடம் சபை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் செய்தது. தகுதியில் சமமானவர்கள் சமமானவர்களே என்று அது ஒப்புக்கொண்டது. குடத்துக்குள் இருக்கும் ஓலை தனித்துத் தெரிய வேண்டும் என்று அது எதிர்பார்க்கவில்லை.

மேற்கண்டவற்றைக் கருதி, துறையிடம் கோரப்படுவன:

ஒன்று, எல்லோரும் தனித்துத் தெரிந்தால் கூட்டம் என்பது யார் என்று விளக்கம் தர வேண்டும்.

இரண்டு, பதினைந்து வயதில் வாங்கிய மதிப்பெண்ணைவிட்டு, செய்யப்போகும் வேலையில் ஒரு மணி நேரத்தைச் செய்யச்சொல்லிப் பார்க்க வேண்டும். கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் நேர்காணலுக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, ஊதியத்தையும் சேரும் நாளையும் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். தேர்வாகாதவருக்கு ஒரு வரி பதில் அனுப்ப வேண்டும். இதை இயந்திரமே செய்யும்.

நான்கு, இவை இயலாவிடில், தற்போதைய எட்டுப் படிகளையும் நீக்கிவிட்டு ஒரு குடம் வாங்க வேண்டும். செலவு குறைவு, முடிவு அன்றே தெரியும், ஓலைக்குக் குறிக்கோள் பத்தி தேவையில்லை. ஓலையை எடுக்க ஒரு சிறுவனைப் பணியமர்த்தும்போது அவனிடம் முன்னனுபவம் கேட்காமலிருக்க வேண்டும்.

இங்ஙனம்,
பதில் வராத விண்ணப்பதாரர்கள்