எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்களோடு கொடை முடிந்துபோனது என்று நினைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோவளம் ஜங்ஷனில் வந்து நிற்க வேண்டும். முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி இ.சி.ஆரில் சீறி வரும் எட்டாவது வள்ளலைக் கண்ணாரத் தரிசிக்கலாம்.

அவருடைய ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வரும். தலை, டேங்க் இரண்டில் எதற்குள்ளே சரக்கு இருக்கிறது என்பது அவருக்குத்தானே தெரியும்! முன்பெல்லாம் இந்தக் கொடைக்கு 100 ரூபாய்தான். 2022 அக்டோபரில் தமிழக அரசு புதிய அபராதங்களைக் கொண்டுவந்ததும் 1,000 ஆனது. வள்ளல் முகம் சுளித்தாரா? ஹெல்மெட் இன்றைக்கும் டேங்க் மேல்தான்.

ஒரே ஓட்டத்தில் எத்தனை கணக்கில் எழுதுகிறார் பாருங்கள். வேகத்துக்கு 1,000. ஓட்டிக்கொண்டே செல்போன் பேச 1,000. திருவிடந்தை வரை நண்பரோடு ரேஸ் விட்டால் 5,000, அடுத்த முறை அதுவே 10,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிட மனமில்லாத நாளில் இன்னொரு 10,000. திருவிடந்தையில் பெருமாளுக்கு நித்தியமும் கல்யாணம். இவர் புண்ணியத்தில் கஜானாவுக்கும் அப்படியே. சனிக்கிழமை ராத்திரி "ஊதுங்க சார்" என்று போலீஸ்காரர் கருவியை நீட்டினால் அதற்கும் 10,000. மாஜிஸ்திரேட் மனது வைத்தால் ஆறு மாதம் வரை அரசாங்கச் சாப்பாடும் உண்டு. லைசென்ஸை மூன்று மாதம் ஆர்.டி.ஓ.விடம் விட்டுவைப்பதிலும் இவருக்குத் தயக்கமில்லை.

அடக்கமும் அதிகம். கொடுத்தவர் யாரென்று கேமராவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பின் நம்பர் பிளேட்டை மேல்நோக்கி மடக்கி வைத்திருப்பார். அப்படியும் கண்டுபிடித்து இ-சலான் மெசேஜ் வந்தால் திறந்து பார்க்க மாட்டார். புகழுக்கு ஆசைப்படாதவர்.

பாரி முல்லைக்குத் தேர்தான் கொடுத்தான். நம்மவர் பதினாறு வயது மகனுக்கு 200 சிசி பைக்கைக் கொடுத்திருக்கிறார். பாரியின் தேர் கொடுத்த இடத்திலேயே நின்றது. இது, மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கும் ஆயாக்களின் நடுவே டிரிபிள்ஸில் பாய்கிறது. எழுபது வயதிலும் அந்த ஆயாக்கள் துள்ளி ஒதுங்குகிறார்கள் என்றால், அந்தப் பயிற்சி யார் கொடுத்தது?

இந்தக் கொடைக்குச் சட்டம் தனி மரியாதையே செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டினால் தகப்பனாருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் ஆர்.சி. பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. மகனுக்கு 25 வயது முடியும்வரை லைசென்ஸ் கிடையாது. அதுவரை அப்பாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போகலாம், பாசம் வளரும். யாராவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடமே வசூலிக்கவும் முடியும். அபராத ரசீதை மட்டுமே பிடித்துப் பழகிய கைக்கு அந்தக் காசோலை கொஞ்சம் கனக்கும்; வள்ளலுக்கு அது ஒரு கனமா?

தப்பிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மகன் வண்டி எடுத்தது எனக்குத் தெரியாது, அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று தகப்பனார் நிரூபித்தால் போதும். ஆனால் பொய் சொல்லிப் பிழைக்கும் ஆளா அவர்? மகன் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீடியோவை, 'சிங்கக்குட்டி' என்று எழுதி, தானே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்.