பெற்றோர் விருப்பத்தின் பேரில்

தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளைப்போல் கருணையுள்ள இடம் உலகத்தில் வேறில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தை எதையும் அவை நீக்குவதே கிடையாது. சந்தேகமிருந்தால் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பள்ளியை விட்டு விலகியதற்கான காரணம் என்ற கட்டத்தில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று முத்துமுத்தாக எழுதியிருக்கும். பெற்றோர் டி.சி. கேட்டார்கள், பள்ளி கொடுத்தது. கேட்டதைக் கொடுப்பது ஒரு குற்றமா?

அந்த விருப்பம் எப்படி வரவழைக்கப்படுகிறது என்று திருப்பூருக்கு வந்தால் பார்க்கலாம். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் காலை பத்தரைக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் எழுந்து போனால் அன்றைய கூலியும் கூடவே எழுந்து போகும். போன வாரம் பையன் வகுப்பை விட்டு ஓடினான் என்று அழைத்தார்கள். இந்த வாரம் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டானாம். பையனுக்கு ஆட்டிசம். மருத்துவர் எழுதிய காகிதத்தைச் சேர்க்கையின்போதே அம்மா காட்டியிருக்கிறார். அப்போது ஃபீஸ் வாங்கிய கை, அந்தக் காகிதத்தை மட்டும் வாங்கவில்லை.

“நாங்க போகச் சொல்லலைம்மா. இங்கே இருந்தா அவனுக்குத்தான் கஷ்டம். ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துப் பாருங்க.”

“அவன் வேணும்னு பண்றதில்லீங்க சார். சத்தம் ஜாஸ்தியானா அப்படித்தானுங்க பண்ணுவான்.”

“மத்த பேரன்ட்ஸ் கேக்கறாங்களேம்மா, நான் என்ன பதில் சொல்லட்டும்?”

பிறகு மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள் நகர்ந்து வரும். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று கிளார்க் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவார். எழுத்துப்பிழை வந்தால் கிளார்க்கே பொறுமையாகத் திருத்துவார். பையனுக்குக் காட்டாத பொறுமை அது. கீழே ஒரு கையெழுத்து விழுந்ததும் விருப்பம் பூர்த்தியாகிவிடும்.

இந்த நுட்பம் அமெரிக்காக்காரனுக்குத் தெரியவில்லை. அங்கே ஊனமுற்ற மாணவரை ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே அனுப்ப முடிவெடுத்தால், 10 பள்ளி நாட்களுக்குள் பெற்றோரையும் உட்காரவைத்துக் கூட்டம் போட வேண்டும். இவன் செய்தது குறைபாட்டின் விளைவா, அவனுக்கான கல்வித் திட்டத்தைப் பள்ளி நிறைவேற்றாததன் விளைவா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு ஆமென்றால், ஆயுதம், போதைப்பொருள், பலத்த காயம் போன்ற விதிவிலக்குகள் தவிர, நீக்க முடியாது. பள்ளி தன்னிச்சையாக வெளியேற்றக் கூடாது என்று 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாவம், அவ்வளவு பெரிய வல்லரசுக்கு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தத் தெரியவில்லை. நம்மூரில் குற்றச்சாட்டு எழுத்தில் இல்லை. ஆகவே விசாரணை இல்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்காக வாதாட வக்கீலும் வர முடியாது. நீக்கவே இல்லை என்கிறவனிடம் எதை எதிர்த்து வாதாடுவது?

நமக்குச் சட்டம் இல்லாமலில்லை. 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நீக்கக் கூடாது என்கிறது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவு. அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதியும் செய்துதர வேண்டும் என்கிறது 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சிறப்பு ஆசிரியர் இல்லை என்று கையை விரிக்க முடியாதபடி, தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-இல் கணக்கும் சொல்லிவிட்டது. 2016 சட்டத்தை மீறினால்? முதல் தடவை அதிகபட்சம் 10,000 ரூபாய் அபராதம். ஆண்டு விழா மேடைக்கு அதைவிட அதிகச் செலவாகிறது.

8-ஆம் வகுப்புவரை சட்டம் நிற்கிறதல்லவா, ஆகவே ‘ஸ்பெஷல் ஸ்கூல்’ உபதேசம் 9-ஆம் வகுப்பில் சூடுபிடிக்கும். காரணம் ஊரறிந்தது. 10-ஆம் வகுப்பு முடிவு வந்ததும் அவிநாசி ரோட்டில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. பள்ளி விண்ணப்பித்தால் அந்தப் பிள்ளையும் தேறும். ஆனால் விண்ணப்பிப்பதைவிட விரட்டுவது சுலபம். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஓட்டை, கறை என்று பார்த்துப் பீஸை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்குகிறார்கள். செகண்ட்ஸ் பனியனுக்காவது காதர்பேட்டைச் சந்தையில் ஆள் வருவான், டி.சி.யோடு நிற்கிற பிள்ளையை அடுத்த பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடும்.

இன்னொரு வேடிக்கை. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊரில், பல கம்பெனிச் சுவர்களில் தமிழிலேயே அறிவிப்பு தொங்குகிறது: ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யமாட்டோம். வெளிநாட்டு பையர் ஆடிட் அனுப்புவார், குறை கண்டால் ஆர்டர் போய்விடும். பையருக்குப் பயந்து கம்பெனிச் சுவரில் ஏறிய வாசகம், நாடாளுமன்றச் சட்டத்துக்குப் பயந்து பள்ளிச் சுவரில் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு பையர் கிடையாதே!

ஆகவே அம்மணி, அந்தத் தாள் நகர்ந்து வந்தால் திருப்பி நகர்த்திவிடுங்கள். “நீக்கறதா இருந்தா நீங்களே காரணத்தை எழுதி, சீல் வச்சுக் கொடுங்க சார்” என்று மட்டும் சொல்லுங்கள். எழுதமாட்டார்கள். எழுதினால் அதுவே சாட்சி. மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் தருவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. 1987-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. புகாரை விசாரிக்க மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சென்னையில் இருக்கிறார். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள்.

ஆனால் கூலியை விட்டு அலைய வேண்டியவர் அந்த அம்மா மட்டும்தானா? ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது, குறைபாடு உட்பட. 8-ஆம் வகுப்பில் இருந்த மாற்றுத்திறனாளி மாணவர்களில் எத்தனை பேர் 10-ஆம் வகுப்பில் அதே பள்ளியில் இல்லை என்று கல்வித்துறை ஒரு மதிய நேரத்தில் எடுத்துவிடலாம். எடுத்து, பள்ளிவாரியாகப் பெயர் போட்டு வெளியிடட்டும். அதைச் செய்யாமல் அங்கீகாரத்தை மட்டும் புதுப்பித்துக் கொடுக்கும் அதிகாரி மேற்பார்வையாளர் அல்ல, இந்த நீக்கத்தில் பங்காளி.