விசிலுக்குப் பணிந்த டெலிபோன்

பொம்மை விசிலை ஊதியே அமெரிக்காவில் ஓசியில் டிரங்க் கால் பேசினார்களாமே, நிஜமா?

நிஜம்தான். அப்போது எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றுக்கொன்று ஒலிகளாலேயே கட்டளையிட்டன; அவற்றில் லைன் காலி என்பதற்கான சங்கேதம் 2600 ஹெர்ட்ஸ் ஒலி. தானியப் பெட்டியோடு இலவசமாக வந்த விசிலின் ஒரு துளையை மூடி ஊதினால் அதே சுருதி! லைன் காலி என்று எக்ஸ்சேஞ்ச் ஏமாந்து, அடுத்த அழைப்பைக் கட்டணமின்றி விட்டுவிடும். பேச்சு போகும் பாதையிலேயே கட்டளையும் போனதால், ஊதியது யார் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியவில்லை. ஒரே பாதை என்பது, கட்டளைக்கான தனிப்பாதைச் செலவை மிச்சம் பிடித்த சிக்கனம். 'ஒலிகளை ரகசியமாக வைத்திருக்கலாமே' என்பீர்கள். டெலிபோன் நடத்திய பெல் நிறுவனத்தின் ஆய்விதழே 1960-ல் அவற்றை அச்சிட்டது. அச்சிடாவிட்டாலும் லைனில் காது கொடுத்தவருக்குக் கேட்டிருக்குமே? 1976 முதல் பெல்லின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. கட்டளைக்குத் தனிப்பாதை போட்டது; போட்ட இடமெல்லாம் விசில் செல்லாக்காசானது. ரகசியம் என்றாவது கசியும். பாதையைப் பிரித்தால்தான் பாதுகாப்பு.